கீழ்முதுகு வலிக்கு உடற்பயிற்சி சிகிச்சை: சில வருடங்கள் செய்துபார்த்த பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வலி முழுசாகப் போய்விடவில்லை. போய்விடும் என்று யாராவது அடித்துச் சொன்னால் அவரிடமிருந்து கொஞ்சம் தள்ளியே இருங்கள். ஆனால் வலிக்குப் பயந்து நான் கைவிட்டிருந்த வேலைகள் ஏறக்குறைய எல்லாமே திரும்ப வந்துவிட்டன. தண்ணீர் வாளியைத் தூக்குவது, தரையில் உட்கார்ந்து எழுவது, குழந்தை ஓடிவந்து மேலே விழுந்தால் பதறாமல் பிடிப்பது. என்னிடம் விசாரிக்கிறவர்கள் எல்லாரும் "வலி குறைஞ்சுதா?" என்றுதான் கேட்கிறார்கள். குறைந்தது. ஆனால் அந்தக் கேள்விக்கான பதிலை மட்டும் வைத்து இந்தச் சிகிச்சையை எடைபோட்டால் பாதிதான் தெரியும்.

என் கதை ரொம்பச் சாதாரணமானது. நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கிற வேலை. ஒருநாள் இடுப்புப் பிடித்துக்கொண்டது, விட்டது, மறுபடி பிடித்தது, அப்புறம் விடவே இல்லை. மூன்று மாதத்தைத் தாண்டினால் நாள்பட்ட வலி என்ற கணக்கில் சேர்த்துவிடுவார்கள். நான் அதையெல்லாம் எப்போதோ தாண்டியிருந்தேன். எம்ஆர்ஐ எடுத்ததில் கீழ்முதுகின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு (எல்4-எல்5) இடையே டிஸ்க், அதாவது மெத்தை போன்ற தட்டு, பிதுங்கியிருக்கிறது என்று வந்தது. அந்த ரிப்போர்ட்டைப் படித்த பிறகு வலியைவிடப் பயம்தான் அதிகமானது. முதலில் போன ஓர் இடத்தில் முதுகை இழுத்துப் பிடிக்கும் இழுவை வைத்தார்கள், சூடு கொடுத்தார்கள், கரண்ட் வைத்தார்கள், பெல்ட் மாட்டிவிட்டார்கள். படுத்திருக்கும்போது சுகமாகத்தான் இருக்கும். வீடு வந்து சேர்வதற்குள் பழையபடி ஆகிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கான வழிகாட்டுதலை வெளியிட்டபோது எடுத்துப் படித்தேன். இழுவை, இடுப்புப் பெல்ட், அல்ட்ராசவுண்ட் சிகிச்சை, தோல்வழி மின்தூண்டல் (அந்தக் கரண்ட்தான்) ஆகியவற்றை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்ற பக்கத்தில் வைத்திருந்தார்கள். வேண்டும் என்ற பக்கத்தில் உடற்பயிற்சித் திட்டம், வலியைப் பற்றிய விளக்கம், உளவியல் சிகிச்சையில் சில வகைகள் இருந்தன. எனக்குக் கிடைத்த சிகிச்சையில் முக்கால்வாசி தவறான பக்கத்தில் இருந்ததைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பிறகு ஒரு பிசியோதெரபிஸ்ட் கிடைத்தார். அவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ஒரு கட்டுரை வந்தது. அதன் கணக்குப்படி 20 வயதுக்காரர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கே டிஸ்க் பிதுக்கம் இருக்கிறது. 80 வயதில் அது 84 சதவீதம். எல்லாரும் வலியில்லாமல் நடமாடுகிறவர்கள். கீழ்முதுகு வலி வந்தவர்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேருக்கு இன்ன இடம்தான் காரணம் என்று விரலை வைத்துக் காட்ட முடியாது என்பதையும் அவர்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. சிலருக்கு எரிச்சலாகவும் இருக்கலாம், "அப்போ எனக்கு வலிக்கிறது பொய்யா?" என்று. பொய்யில்லை. படத்தில் தெரிவதும் உடம்பில் வலிப்பதும் ஒன்றுக்கொன்று பொருந்தியே ஆக வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

அன்று அவர் என்னை மேஜையில் படுக்க வைக்கவே இல்லை. ஒரு பேனாவைத் தரையில் போட்டுவிட்டு எடுக்கச் சொன்னார். நான் மூச்சை இழுத்துப் பிடித்து, வயிற்றை இறுக்கி, ஒரு கையைத் தொடையில் ஊன்றி, முகத்தைச் சுளித்துக்கொண்டு குனிந்தேன். "ஒரு பேனாவுக்கு எதுக்குங்க இவ்வளவு ஏற்பாடு? மூச்சை விட்டுக்கிட்டே எடுங்க பாக்கலாம்" என்றார். எடுத்தேன். வலி குறைவாக இருந்தது! குணமாகிவிட்டது என்று சொல்லவில்லை, குறைவாக இருந்தது. சூடு கண்ட பூனை அடுப்படிக்குப் போகாது என்பார்கள். என் முதுகு அடுப்பை அணைத்து வெகுநாளான பிறகும் அந்தப் பக்கம் போக மறுத்துக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் அந்தப் பூனையை மெல்ல மெல்ல அடுப்படிக்குப் பழக்கிய வேலைதான்.

வீட்டில் செய்யச் சொல்லி மூன்று பயிற்சிகள் கொடுத்தார். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பு இயக்கவியல் ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் பிரபலப்படுத்தியவை. மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி, இடுப்புக்கு அடியில் கைகளை வைத்து, தலையையும் தோளையும் தரையைவிட்டு லேசாக மட்டும் தூக்குவது ஒன்று. முழங்கையை ஊன்றிப் பக்கவாட்டில் உடலைத் தூக்கி நிறுத்துவது இன்னொன்று. ஆரம்பத்தில் முழங்காலை ஊன்றிச் செய்தாலே போதும். மூன்றாவது பேர்ட் டாக்: கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி நின்று, வலது கையையும் இடது காலையும் ஒருசேர நீட்டுவது, பிறகு மாற்றிச் செய்வது. ஒவ்வொரு முறையும் பத்து விநாடிக்குள் பிடித்து இறக்கிவிட வேண்டும். முக்கி முக்கி ஒரு நிமிடம் நிற்பதெல்லாம் இதில் கிடையாது.

பார்க்கச் சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி தெரியும். பாதி அளவு தண்ணீர் இருக்கிற பாட்டிலை இடுப்பின் குறுக்கே படுக்க வைத்துவிட்டு பேர்ட் டாக் செய்து பாருங்கள், அப்போது தெரியும். காலைப் பின்னால் நீட்டும்போது இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் பாட்டில் சரிந்துவிடும். எனக்கு இடது காலுக்கு நின்றது, வலது காலை எடுத்தால் உடனே விழுந்தது. காலை உயரமாகத் தூக்க ஆசைப்பட்டால் கீழ்முதுகு குழிந்துவிடுகிறது. குதிகாலைச் சுவரை நோக்கித் தள்ளுவதாக நினைத்துக்கொண்டால் புட்டத் தசை வேலை செய்கிறது, முதுகு சும்மா இருக்கிறது. இந்த வித்தியாசம் உடம்புக்குப் புரிய எனக்குச் சில வாரங்கள் ஆயின. வீடியோ பார்த்து மட்டும் செய்திருந்தால் புரிந்தே இருக்காது என்று நினைக்கிறேன். யாராவது பக்கத்தில் இருந்து தொட்டுக் காட்ட வேண்டும், குறைந்தது முதல் சில தடவைக்காவது.

காலை எழுந்ததும் செய்யாதீர்கள் என்றார். இரவு படுத்திருக்கும்போது டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். அந்த நேரத்தில் குனிந்தால் அழுத்தம் அதிகம். எழுந்த முதல் இரண்டு மணி நேரம் குனிவதைத் தவிர்க்கச் சொல்லிப் பார்த்ததில் நாள்பட்ட வலி குறைந்ததாக 1998-இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. எனக்கு இது உடனே பலன் கொடுத்தது. பல் தேய்த்துவிட்டுத் துப்பும்போது முதுகை வளைக்காமல் இடுப்பு மூட்டில் மடங்குவது என்ற ஒரே மாற்றத்தில் காலை நேரக் கடுப்பு பாதியானது.

வலித்தால் நிறுத்த வேண்டுமா என்று எல்லாருக்கும் இருக்கிற சந்தேகம் எனக்கும் இருந்தது. அவர் வைத்த விதி இது: பத்துக்கு நாலு வரை வலிக்கலாம், ஆனால் மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லையென்றால் அடுத்த முறை அளவைக் குறை, பயிற்சியை விடாதே. இந்த மொத்த அனுபவத்தில் எனக்கு அதிகம் உதவியது எது என்று கேட்டால், எந்தப் பயிற்சியையும்விட இந்த விதியைத்தான் சொல்வேன். தசை வலியும் பழைய வலியும் வேறு வேறு என்று பிரித்துப் பார்க்க இதுதான் கற்றுக்கொடுத்தது.

பிறகு எடை வந்தது. ஒரு கம்பை முதுகில் நெடுக வைத்து, பின்தலை, தோள்பட்டைகளுக்கு நடுவே, வால் எலும்பு ஆகிய மூன்று இடத்திலும் கம்பு தொட்டபடி இடுப்பில் மடங்கப் பழக வேண்டும். அது வந்ததும் லேசான கெட்டில்பெல் (கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு), பிறகு கொஞ்சம் கனமானது. தரையில் இருக்கும் எடையை இப்படி மடங்கித் தூக்குவதற்கு டெட்லிஃப்ட் என்று பெயர். அந்தச் சொல்லைக் கேட்டதுமே குடும்பத்தில் எல்லாரும் பதறினார்கள். முதுகு வலிக்காரர் எடை தூக்கலாமா? படிப்படியாக ஏற்றினால் தூக்கலாம். தூக்கத்தான் வேண்டும், ஏனென்றால் வாளியும் பெட்டியும் வாழ்க்கையில் இருந்து காணாமல் போகப்போவதில்லை.

எந்த வகைப் பயிற்சி நல்லது என்ற சண்டைக்கு முடிவே இல்லை. பால் வில்லியம்ஸ் என்ற மருத்துவர் 1937-இல் முன்னால் மடங்கும் பயிற்சிகளைப் பரிந்துரைத்தார். நியூசிலாந்தில் ராபின் மெக்கென்சி என்ற பிசியோதெரபிஸ்டிடம் 1956-இல் வந்த நோயாளி ஒருவர், தலைப்பக்கம் உயர்த்தி வைத்திருந்த மேஜையில் தெரியாத்தனமாகக் குப்புறப் படுத்துக் கிடந்தார். முதுகு பின்னால் வளைந்தபடி கிடந்தவர், வலி குறைந்து எழுந்தார். அதிலிருந்து நேர் எதிரான ஒரு முறை பிறந்தது. இரண்டிலும் குணமானவர்கள் இருக்கிறார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் 2021 தொகுப்பாய்வு 249 ஆய்வுகளை, 24,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவை எடுத்துக்கொண்டது. எதுவும் செய்யாதவர்கள், வழக்கமான கவனிப்பு பெற்றவர்கள் ஆகியோரோடு ஒப்பிட்டால் பயிற்சி செய்தவர்களுக்கு 100-க்குச் சராசரியாக 15 புள்ளி வலி குறைந்திருந்தது. அன்றாட வேலைத்திறனில் கிடைத்த மாற்றமோ 7 புள்ளிக்குக் கிட்டத்தட்ட. நோயாளி உணரும் அளவுக்கு அது பெரிதில்லை என்பது அவர்கள் கணிப்பு. எனக்கு நடந்தது இதற்குத் தலைகீழ்: வலி கொஞ்சம் குறைந்தது, வேலைத்திறன் நிறைய கூடியது. சராசரி என்பது சராசரிதான். அதற்குள் என்னைப் போலவும் இருப்பார்கள், எதுவும் மாறாதவர்களும் இருப்பார்கள். பிலாட்டிஸும் (பெரும்பாலும் தரையில் படுத்துச் செய்யும் ஒரு பயிற்சி முறை) மெக்கென்சி முறையும் மற்றவற்றைவிடச் சற்று மேல் என்று அதே ஆய்வுக்குழு காட்டியிருக்கிறது. என் கருத்து: அலுக்காமல் தொடர்ந்து செய்யக்கூடியது எதுவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் படுக்கவே பிடிக்காதவருக்கு பிலாட்டிஸ் எவ்வளவு நல்லதாக இருந்து என்ன?

நடையை நான் அலட்சியமாக நினைத்திருந்தேன். ஆஸ்திரேலியாவில் முதுகுவலியிலிருந்து அப்போதுதான் மீண்ட 701 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2024-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. படிப்படியாகக் கூட்டிய நடையும் வழிகாட்டலும் பெற்றவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்ப வர 208 நாள் ஆனது, பெறாதவர்களில் 112. படித்ததும் செருப்பை மாட்டினேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் சில வாரங்கள் எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும். அந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள், அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. சலிப்பு நிஜம். மாதக்கணக்கில் விட்டால் சம்பாதித்தது கரைகிறது. இடையிடையே வலி திடீரென்று ஏறும், நன்றாகத் தூங்காத வாரங்களில் நிச்சயமாக ஏறும். அப்போதெல்லாம் எடையைக் கீழே வைத்துவிட்டு நடையும் அந்த மூன்று பயிற்சியும் மட்டும். ஆனால் படுத்தே கிடப்பது கிடையாது. நீண்ட பயணத்தில் உட்கார்ந்தால் இன்றும் வலிக்கிறது. அதற்கு எந்தப் பயிற்சியிலும் எனக்கு விடை கிடைக்கவில்லை, இடையில் எழுந்து நிற்பதைத் தவிர.

சிலர் பயிற்சிக்கு முன்னால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். சிறுநீர் கழிக்க முடியாமலோ அடக்க முடியாமலோ போவது, தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, கால்களில் பலம் குறைந்துகொண்டே வருவது: இவை வந்தால் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், நாளை என்று தள்ளிப்போடாதீர்கள். காய்ச்சலோடு முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தது, கீழே விழுந்த பிறகு தொடங்கிய வலி ஆகியவை இருந்தாலும் பரிசோதனைக்குப் பிறகுதான் பயிற்சி.

சிகிச்சைக்கு ஆள் தேடுகிறவர்கள் முதல் சந்திப்பிலேயே இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள்: "வீட்டுல செய்ய என்ன கொடுப்பீங்க? எதைப் பாத்து அளவைக் கூட்டுவீங்க?" படுக்க வைத்து ஏதோ ஒரு கருவியை மாட்டிவிட்டு, "தினமும் இங்க வந்தா போதும், வீட்டுல ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்று பதில் வந்தால், வேறு இடம் பாருங்கள்.