காந்தம் இழந்த பழைய ஜெனரேட்டர்: பேட்டரியா, டிரில்லா?

என்ஜின் சீராக ஓடுகிறது, பிளக்கில் வோல்ட் இல்லை. பல ஆண்டு சும்மா கிடந்த ஜெனரேட்டரில், ரோட்டர் (உள்ளே சுழலும் பாகம்) இரும்பில் தங்கியிருக்கும் காந்தம் போயிருக்கலாம். ஓடும்போது மீட்டர் 2 முதல் 5 வோல்ட் காட்டினால் காந்தம் இருக்கிறது. அப்போது கோளாறு வேறு இடத்தில்: கார்பன் பிரஷ், அது உரசும் ஸ்லிப் ரிங் வளையம், கெபாசிட்டர், ஏவிஆர் (வோல்டேஜைச் சீராக்கும் கருவி) ஆகியவற்றைப் பாருங்கள்.

காந்தம் போயிருந்தால் திரும்ப ஏற்ற வேண்டும். பிரஷ் உள்ள வகைக்கு 12 வோல்ட் பேட்டரிதான் சரி. என்ஜினை நிறுத்தி, பிளஸ் எது என்று குறித்துக்கொண்டு, பிரஷ்ஷின் இரு ஒயர்களையும் கழற்றுங்கள். கழற்றாமல் கொடுத்தால் ஏவிஆர் எரியக்கூடும். பிளஸ்ஸுக்கு பிளஸ்ஸாக 3 விநாடி தொட்டால் போதும். மாற்றிக் கொடுத்தால் ஏவிஆர் வழியாக வோல்டேஜ் எழும்பாமல் போகலாம். பிறகு ஒயர்களை மாட்டி ஓட்டிப் பாருங்கள்.

பிரஷ் இல்லாத கெபாசிட்டர் வகையில் ரோட்டருக்கு நேரே மின்சாரம் கொடுக்க வழியில்லை. அங்கே டிரில் எளிது. கார்பன் பிரஷ் உள்ள ஒயர் டிரில்லாக இருக்க வேண்டும். பிட்டைக் கழற்றி, ஓடும் ஜெனரேட்டரில் சொருகி, டிரிகரை அழுத்தியபடி சக்கை (பிட் மாட்டும் முனையை) கையால் எதிர்த் திசையில் சட்டென்று சுழற்றுங்கள். டிரில் மோட்டாரில் மிஞ்சிய காந்தம் தரும் சிறு வோல்டேஜே ஜெனரேட்டரை எழுப்பிவிடும். ஜெனரேட்டர் எழுந்ததும் டிரில் முழு வேகத்தில் சுற்றும். கையுறை போடாதீர்கள், சக்கில் மாட்டிக்கொள்ளும்.