பூந்திக்கு வாங்கிய குளிர்மேலாடை: 2,999 ரூபாய் கொடுத்து வாங்கிய புழுக்கம்

வெயிலில் நாய்களின் சூட்டைத் தணிப்பதற்கென்று குளிர்மேலாடை ஒன்று, குளிர்விரிப்பு ஒன்று, இரண்டும் சேர்த்து 2,999 ரூபாய் என்று இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. மஞ்சள் நிற நாய் ஒன்று நீல விரிப்பின்மேல் சுகமாகக் கண்ணயர்ந்திருக்கும். பின்னால் சுவரில் சிவப்புக் குடை ஒன்று சாய்ந்திருக்கும். அந்தப் படம் கண்ணில் பட்டால் நிற்காமல் கடந்துபோய்விடுங்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

எங்கள் வீடு பெரம்பூரில், மூன்றாவது மாடி. மேலே மொட்டை மாடிதான். பகலெல்லாம் குடித்த வெயிலைத் தளம் இரவு பத்து மணிவரை எங்கள் தலையில் இறக்கிக்கொண்டே இருக்கும். பூந்தி ஐந்து வயது லாப்ரடார், 34 கிலோ. பெயர் மகள் வைத்தது, நிறத்துக்குப் பொருத்தம். படுக்கையறையில் மட்டும் ஏசி இருக்கிறது, அதுவும் இரவில் மட்டுமே ஓடும். கத்திரி தொடங்கிய முதல் வாரம் பூந்தி குளியலறைத் தரையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. குளிக்கப் போகிறவர்கள் அவளிடம் கெஞ்சி இடம் வாங்க வேண்டியிருந்தது. அந்த இரக்கத்தில்தான் விளம்பரத்தைத் தொட்டேன்.

விரிப்புக்குத் தண்ணீர் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், 12 மணி நேரம் குளிர்ச்சி நிச்சயம் என்று போட்டிருந்தார்கள். உள்ளே இரண்டே முக்கால் கிலோ ஜெல் என்றார்கள். மேலாடையை ஒருமுறை நனைத்துப் போட்டால் நாயின் உடல் வெப்பம் 15 டிகிரி குறையுமாம். நாயின் இயல்பான உடல் வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட்தான். அதில் 15 டிகிரி குறைந்தால் நாயின் உயிருக்கே ஆபத்து. இந்தச் சின்னக் கழித்தல் கணக்கு அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. கீழே நூற்றுக்கணக்கில் ஐந்து நட்சத்திரங்கள். ஜிபே வழியாகப் பணம் அனுப்பினேன். பெறுபவரின் பெயர் திரையில் வந்தபோது அது ஒரு கடையின் பெயராக இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயராக இருந்தது. அதையும் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். வேறு யார்மேல் கோபப்படுவது?

மூன்று நாளில் வரும் என்ற பொட்டலம் ஒன்பதாம் நாள் வந்தது. பிரித்ததும் புது டயர் கடைக்குள் நுழைந்தது போல ஒரு வாடை. தயாரித்தவர் யார், இறக்குமதி செய்தவர் யார், எந்த நாட்டுப் பொருள், அதிகபட்ச விலை என்ன, எதுவும் அச்சிடப்படவில்லை. ஒரு வெள்ளை ஒட்டுத்தாள் மட்டும் இருந்தது. நகத்தால் சுரண்டியபோது அடியில் கார் இருக்கையின் படம் எட்டிப்பார்த்தது.

விரிப்பைத் தூக்கியவுடனே கைக்கு ஏதோ குறைந்தது. கீழே அண்ணாச்சி கடைக்குக் கொண்டுபோனேன். வெங்காயம் நிறுக்கும் மின்தராசில் அவர் அதை மடித்து வைத்தார். 1 கிலோ 140 கிராம். துணி, தையல், ஜெல் எல்லாம் சேர்த்து. “இதற்கா அக்கா மூவாயிரம்?” என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் மிளகாய்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எடை ஏன் முக்கியம் என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். இந்த ஜெல் குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. நாயின் வயிற்றுச் சூட்டை வாங்கித் தனக்குள் வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஜெல் குறைவாக இருந்தால் சீக்கிரம் நிரம்பிவிடும். அதற்குமேல் வாங்க இடம் இருக்காது. பிற்பகலில் எங்கள் கூடம் 35 டிகிரி செல்சியஸ் என்றால் விரிப்பும் 35 டிகிரிதான். நாயின் உடல் ஏறத்தாழ 38.5. நடுவில் இருப்பது மூன்றரை டிகிரி இடைவெளி. அதை வைத்து 12 மணி நேரம் குளிர வைக்க எந்தப் பசையாலும் முடியாது. பூந்திக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவைப்படவில்லை. கால் மணி நேரம் படுத்தாள், எழுந்தாள், பக்கத்திலிருந்த வெறும் தரைக்குப் போய்விட்டாள். அவள் படுத்திருந்த இடத்தில் கையை வைத்தேன். யாரோ எழுந்துபோன பஸ் இருக்கை போலச் சூடாக இருந்தது.

இதோடு நின்றிருந்தால் பணம் போயிற்று என்று விட்டிருப்பேன். இந்தப் பதிவையே எழுத வைத்தது மேலாடைதான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வானம் மூடியிருந்தது, வெயில்கூட இல்லை. ஆனால் இலை அசையாத புழுக்கம். காலையில் மாடியில் உலர்த்திய துணி மதியமாகியும் ஈரம் விடவில்லை. இரண்டு மணிக்கு மின்சாரம் போனது. மின்விசிறி நின்றதும் பூந்திக்கு மூச்சிரைக்கத் தொடங்கியது. இதற்காகத்தானே வாங்கினோம் என்று மேலாடையை நனைத்துப் பிழிந்து மாட்டி, வயிற்றின் கீழ் பட்டியை இழுத்துக் கட்டினேன். கட்டிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டேன். அதுதான் நான் செய்த பெரிய பிழை.

அரை மணி நேரம் கழித்து மகள் கத்தினாள். ஓடிவந்து பார்த்தால் பூந்தியின் நாக்கு நுனியில் அகப்பை போல அகன்று தொங்குகிறது. எச்சில் பசையாக வழிகிறது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஈறு செங்கல் நிறத்தில் இருந்தது. மேலாடைக்கு உள்ளே கையை விட்டேன். இட்லித் துணி! அடுப்பிலிருந்து இறக்கிய தட்டில் கை வைத்தது போல அத்தனை வெதுவெதுப்பு, அத்தனை ஈரம்.

கழற்றி எறிந்துவிட்டுக் குளியலறைக் குழாயைத் திறந்தேன். மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் பிற்பகலில் எப்படிக் கொதிக்கும் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குடத்தில் பிடித்துவைத்திருந்த குடிநீரை எடுத்து வயிறு, தொடையிடுக்கு, பாதம் என்று ஊற்றிக்கொண்டே இருந்தேன். மாமியார் பனையோலை விசிறியால் விடாமல் வீசினார். வெப்பமானியை ஆசனவாயில் வைத்துப் பார்த்தபோது 104.6. மீண்டும் ஊற்றினோம். 103.2 வந்ததும் ஆட்டோ பிடித்தோம்.

மருத்துவர் முதலில் சொன்னது இதுதான்: “குளிர வைத்துவிட்டுக் கூட்டிவந்தீர்களே, அதுவே பாதி வைத்தியம்.” நாயை அள்ளிக்கொண்டு ஓடிவருவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுமாம். வழியில் போக்குவரத்து நெரிசலில் கழியும் அரை மணி நேரத்தில் உள்ளுறுப்புகள் வெந்துவிடும் என்றார். 103 டிகிரியை நெருங்கியதும் ஊற்றுவதை நிறுத்தியதும் சரியாம். விடாமல் ஊற்றினால் வெப்பம் ஒரேயடியாக இயல்புக்குக் கீழே இறங்கிவிடுமாம். மேலாடையைக் காட்டினேன். விரலால் அமுக்கிப் பார்த்தார். உள்ளே தடித்த பஞ்சுத் தகடு, வெளியே காற்றே புகாத நைலான். “ஈரத்துணியைச் சுற்றிக் கட்டி, காற்றும் இல்லையென்றால் அது போர்வைதானம்மா” என்றார்.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. வியர்வைச் சுரப்பிகள் பெரும்பாலும் பாதங்களில்தான். அதன் குளிர்சாதனம் மூச்சிரைப்புதான். நாக்கிலும் மூக்கிலும் இருக்கும் ஈரம் ஆவியாகி வெப்பத்தை எடுத்துப்போகிறது. குளிர்மேலாடை செய்ய வேண்டியதும் அதே வேலை. மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் அப்படித்தான். பானை வியர்த்து, அந்த ஈரம் காற்றில் போக வேண்டும். காற்றே ஏற்கெனவே ஈரத்தால் நிரம்பியிருந்தால் எதுவும் ஆவியாகாது. பானையைச் சாக்குப்பைக்குள் கட்டி வைத்தாலும் அப்படியே. அன்று எங்கள் வீட்டில் இரண்டும் ஒன்றாக நடந்தன: காற்றில் புழுக்கம், பூந்தியின் மேல் காற்றுப் புகாத மேலாடை. அதனால் இப்போது எனக்கு ஒரே ஒரு சோதனைதான்: கொடியில் போட்ட துணி காயாத நாளில் நாய்க்கு ஈர உடை கூடாது.

மேலாடை என்றாலே ஏமாற்று என்று சொல்லவும் மனம் வரவில்லை. வேலூரில் இருக்கும் என் தம்பி அவனுடைய நாய்க்கு ஒன்று வைத்திருக்கிறான். மெல்லிய வலைத்துணி, முதுகை மட்டும் மூடும், வயிற்றுப் பக்கம் திறந்திருக்கும். அங்கே வெயில் எங்களைவிடக் கொடுமை, ஆனால் வறண்ட வெயில். அவன் நாய்க்கு மேலாடை முக்கால் மணி நேரத்தில் உலர்ந்துவிடுகிறது. மறுபடி நனைத்துப் போடுகிறான். உலர்கிறது என்பதே அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். நிழலிலும் காற்றோட்டத்திலும்தான் போடுகிறான். விலை எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

விரிப்பின் கதை இன்னும் முடியவில்லை. நான்கு நாள் கழித்துப் பூந்தி அதன் மூலையைக் கடித்துக் கிழித்துவிட்டாள். தையல் ஒற்றை நூல், கடிக்கக்கூட வேண்டாம், இழுத்தாலே போதும். அரைத்த சவ்வரிசி போல நீலக் கூழ் தரையெல்லாம். எவ்வளவு விழுங்கினாள் என்று தெரியவில்லை. தொலைபேசியில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “ஜெல்லில் என்ன கலந்திருக்கிறது?” பொட்டலத்தில் இல்லை. விற்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீலக் குறிகள் விழுந்தன, பதில் இல்லை. பல விரிப்புகளில் இருப்பது நீரை உறிஞ்சி உப்பும் பாலிமர், பெரிதாக விஷமில்லை, ஆனால் நிறைய விழுங்கினால் குடலை அடைக்கக்கூடும். சில குளிர்பைகளில் எத்திலீன் கிளைக்கால் இருப்பதுண்டு. இனிப்பாக இருக்கும், சிறுநீரகத்தை அழித்துவிடும். எது என்று தெரியாததால் மருத்துவமனையில் வாந்தி எடுக்க வைத்து, இரத்தப் பரிசோதனை செய்து, இரண்டு நாள் கவனிப்பில் வைத்தார்கள். அந்தச் செலவு மட்டும் 4,300 ரூபாய். பூந்தி தப்பித்தாள்.

இனி அவர்களுடைய வாடிக்கையாளர் சேவை. முதலில் “72 மணி நேரத்தில் தொடர்புகொள்வோம்.” ஐந்தாம் நாள் “சுகாதாரக் காரணங்களால் பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெறுவதில்லை.” பயன்படுத்தாமல் எப்படி அது குளிராது என்று கண்டுபிடிப்பது என்று கேட்டேன். அடுத்த கொள்முதலில் 15 சதவீதத் தள்ளுபடிக்கான குறியீடு ஒன்றை அனுப்பினார்கள்! விளம்பரத்தின் கீழ் நடந்ததை எழுதினேன், பத்து நிமிடத்தில் அழித்துவிட்டார்கள். அப்போதுதான் அந்த ஐந்து நட்சத்திரங்களை ஒழுங்காகப் படித்தேன். எல்லாம் ஒரே வாரத்தில் எழுதப்பட்டவை. மூவர் வேறு வேறு பெயர்களில் ஒரே நாயின் படத்தைப் போட்டிருந்தார்கள். மஞ்சள் நாய் படத்தை கூகுளில் தேடியபோது மொத்த விலைத் தளம் ஒன்றில் அதே விரிப்பு 260 ரூபாய்க்கு இருந்தது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் பதிந்தேன். தமிழிலேயே பேசினார்கள். இணையவழி விற்பனைக்கான 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி விற்பவர் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். உறையிட்ட பொருளில் தயாரித்தவர் அல்லது இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் இல்லாததே 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி குற்றம். இதையெல்லாம் எழுதி அனுப்பிய பிறகு “நல்லெண்ண அடிப்படையில்” 900 ரூபாய் வந்தது. மீதியை விடுவதாக இல்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு ஆண்டுவரை அவகாசம் உண்டு, ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. மருத்துவச் செலவு ரசீதுகளோடு, அண்ணாச்சி தராசில் விரிப்பு கிடக்கும் படத்தையும் இணைத்திருக்கிறேன். பொட்டலத்தைப் பிரிக்கும்போதே கைப்பேசியில் படம் பிடித்துவைக்கும் பழக்கம் இல்லாதவர்கள் இன்றே தொடங்குங்கள். எனக்கு அது இல்லாததால் அந்தக் கார் இருக்கை ஒட்டுத்தாளைப் பற்றிச் சொல்வதற்கு என் வாய்மொழி மட்டும்தான் மிச்சம்.

இப்போது பூந்திக்குச் செலவில்லாத ஏற்பாடுதான். நடை காலை ஐந்தரைக்கு. மாலையில் தார்ச்சாலையில் புறங்கையை வைத்து ஐந்து விநாடி தாங்கினால்தான் கீழே இறக்குவேன். பிற்பகலில் கூடத்துத் தரையை ஈரத்துணியால் துடைத்து, அதன்மேல் மின்விசிறியை ஓடவிடுகிறேன். அகன்ற பிளாஸ்டிக் தொட்டியில் நாலு விரல் உயரம் தண்ணீர், அதில் வயிறு படிய அவளாகவே படுத்துக்கொள்கிறாள். ரோமத்தை மழித்துவிடச் சொன்னவர்கள் உண்டு. லாப்ரடாருக்கு இரட்டை ரோமம், அதை மழிக்கக் கூடாது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். மேலாடையால் கணவர் ஸ்கூட்டர் துடைக்கிறார், அதற்கு நன்றாகவே இருக்கிறதாம்.

நேற்றிரவு மகள் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். கடையின் பெயர் வேறு, விலை 2,499. நாய் அதே மஞ்சள், விரிப்பு அதே நீலம், குடை அதே சிவப்பு.