பின்பக்கம் உட்கார்ந்த பழைய பொலேரோ: பட்டறையில் பட்டை அடித்து ஓட்டிய அனுபவம்

எங்களிடம் இருப்பது 2008 மாடல் பொலேரோ. வீட்டு வண்டியும் அதுதான், கோழிப்பண்ணைக்குத் தீவனம் கொண்டுவருவதும் அதுதான். பின்னால் எதிரெதிராக இருக்கும் மடக்கு சீட்டைத் தூக்கிவிட்டால் ஐம்பது கிலோ மூட்டைகள் தாராளமாக அடங்கும். வருஷக்கணக்கில் இப்படி வேலை வாங்கினால் வண்டியின் எடையைத் தாங்கும் எந்தப் பட்டையும் (அடுக்கடுக்கான வளைந்த எஃகுப் பட்டைகள், லீஃப் ஸ்பிரிங்) ஒருநாள் படுக்கத்தான் செய்யும், அதற்காக வண்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அறிகுறி எல்லாம் வழக்கமானதுதான். காலி வண்டியே மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. ராத்திரியில் லோ பீமில் போனாலும் எதிரில் வருகிறவர்கள் லைட்டை அடித்து அடித்துக் காட்டினார்கள். பின்னால் நாலு பேர் உட்கார்ந்து ஒரு ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கினால் 'டம்' என்று ஒரு சத்தம், அது ஆக்ஸில் மேலே போய், வண்டியின் சட்டத்தில் மோதாமல் தடுக்க வைத்திருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் இடிக்கிற சத்தம்.

இந்த நிலைமையில் ஆளாளுக்குச் சொல்கிற முதல் வைத்தியம், "ஷாக் அப்சார்பர் போச்சு, மாத்திடுங்க" என்பதுதான். ஷாக் அப்சார்பருக்கும் வண்டி நிற்கும் உயரத்துக்கும் கிட்டத்தட்ட சம்பந்தமே இல்லை. அதன் வேலை ஆட்டத்தை அடக்குவது. எடையைத் தாங்குவது பட்டைதான். ஷாக் ஆயில் கசிந்திருந்தால் கட்டாயம் மாற்றுங்கள், ஆனால் உயரம் திரும்பும் என்று எதிர்பார்த்து மாற்றினால் பணம் போனதுதான் மிச்சம்.

காசு செலவழிக்கும் முன் ஒரு இன்ச் டேப் எடுத்து அளந்துவிடுவது நல்லது. சமதரையில் காலி வண்டியை நிறுத்தி, நாலு டயரிலும் காற்றைச் சரிபார்த்து, சக்கரத்தின் நடு மையத்திலிருந்து மேலே ஃபெண்டர் விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். தரையிலிருந்து அளக்க வேண்டாம், டயர் தேய்மானம் கணக்கைக் கெடுத்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் இறங்கியிருந்தால் பட்டை களைத்துவிட்டது என்று அர்த்தம். ஒரு பக்கம் மட்டும் அதிகமாக இறங்கியிருந்தால் உள்ளே ஏதோ ஒரு பட்டை உடைந்திருக்கலாம், அல்லது பட்டையின் முனையில் இருக்கும் ரப்பர் புஷ் தின்றுபோயிருக்கலாம். எனக்கு இடது பக்கம் ஒரு விரல்கடை கூடுதலாக இறங்கியிருந்தது.

வழிகள் பல இருந்தன. புது பட்டை செட் வாங்கிப் போடுவது சுத்தமான வேலை, ஆனால் வண்டியின் வயசுக்கு அந்தச் செலவு மனசு வரவில்லை. பட்டையின் ஒரு முனையைச் சட்டத்தோடு இணைக்கும் ஷாக்கிளை நீளமாக அடித்துப் போடச் சொன்னார் ஒருவர். ஷாக்கிளை எவ்வளவு நீட்டுகிறோமோ அதில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும், அதோடு வண்டி வளைவில் அசையும், பின் ஆக்ஸிலைச் சுற்றவைக்கும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணமும் மாறும். பட்டை ஒன்றைக் கூடுதலாகச் செருகுவது நம் பக்கம் ரொம்பப் பிரபலம், எங்கள் பெரியப்பா மகன் வண்டியில் அப்படித்தான் செய்தார்கள். மூட்டை ஏற்றினால் அருமை. காலியாக அதில் டவுனுக்குப் போய் வந்தால் இடுப்பு தனியாக வந்துவிடும்.

நான் தேர்ந்தெடுத்தது பட்டை அடிப்பது, அதாவது தளர்ந்த பட்டையைக் கழற்றி மறுபடி வளைவு ஏற்றுவது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வசதி, லாரியும் போர்வெல் ரிக்கும் நிறைந்த ஊர்கள், பட்டறைக்குப் பஞ்சமில்லை. லாரிப் பட்டையோடு மல்லுக்கட்டுகிற மேஸ்திரிக்கு பொலேரோ பட்டை விளையாட்டுச் சாமான் மாதிரி. கழற்றிப் போட்டதும் ஒவ்வொன்றையும் டீசலில் துடைத்தார், ஈரம் போகத் துணியால் ஒற்றினார், அப்புறம் சாக்பீஸ் பொடியைப் பூசிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால் இடது பக்கத்து இரண்டாம் பட்டையில், பட்டைகளை நடுவில் கோர்க்கும் சென்டர் போல்ட் ஓட்டையை ஒட்டி, வெள்ளைப் பொடியின் நடுவே தலைமுடி கனத்தில் ஒரு கறுப்புக் கோடு. விரிசலுக்குள் புகுந்த டீசல் பொடியில் ஊறி வெளியே காட்டிக்கொடுத்திருக்கிறது. "இதை அடிச்சு பிரயோஜனம் இல்லீங்க தம்பி, மாத்திரலாம்" என்றார். அந்த ஜோடியை இரண்டு பக்கமும் புதுசாகப் போட்டோம், மற்றதை உலையில் வைத்தோம்.

பட்டறையைத் தேர்வு செய்யும்போது கேட்க வேண்டிய ஒரே கேள்வி, உலையில் வைத்து அடிப்பார்களா, பச்சையாகவே அடிப்பார்களா என்பது. சூடாக்காமல் சம்மட்டியால் அடித்து வளைத்தால் கூலி குறைவு, வேலையும் உடனே முடியும். ஆனால் அடி விழுவது பட்டையின் உட்பக்கத்தில், லோடு ஏறும்போது இழுபடுவதும் அதே பக்கம்தான். அந்தச் சம்மட்டித் தழும்பில்தான் பின்னாளில் விரிசல் பிடிக்கும். உயரமும் சீக்கிரம் இறங்கிவிடும். உலையில் சிவக்கக் காய்ச்சி, வளைவு வைத்து, எண்ணெயில் தோய்த்து, மறுபடி மிதமாகச் சூடு காட்டி இறக்குவதுதான் முறை. அந்தக் கடைசிச் சூடு இல்லாவிட்டால் பட்டை கண்ணாடி மாதிரி நொறுங்கிவிடும். கூடவே நின்று பார்க்கலாமா என்று கேட்டுப் பாருங்கள், சம்மதிக்காத இடத்தில் கொடுக்க வேண்டாம்.

அடுக்கும்போது கவனித்த ஒரு விஷயம். கீழே போகப் போக ஒவ்வொரு பட்டைக்கும் மேலே இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல் வளைவு வைத்திருந்தார், ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் நடுவில் சின்ன இடைவெளி தெரிந்தது. சென்டர் போல்ட்டை முறுக்கியதும் அது மூடிக்கொண்டது. எல்லாப் பட்டையும் சேர்ந்து எடையைத் தாங்குவது இதனால்தான்.

கூடவே பட்டையை ஆக்ஸிலோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட், ஷாக்கிள் புஷ் எல்லாம் புதுசு. பழைய யூ போல்ட்டைத் திருப்பிப் போடாதீர்கள், இழுபட்ட மரை மறுபடி பிடிக்காது. புஷ் போல்ட்டுகளைக் கடைசியாக முறுக்குவது வண்டி தன் சொந்தக் காலில் தரையில் நிற்கும்போதுதான். ஜாக்கியில் தொங்கவிட்டு முறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். கொஞ்சம் ஓட்டிவிட்டு யூ போல்ட்டை மறுபடி ஒருமுறை டைட் வைப்பதும் அவசியம். ஷாக் அப்சார்பர் நன்றாக இருந்ததால் அதைத் தொடவில்லை, மொத்தச் செலவு ஐந்து இலக்கத்தைத் தொடவில்லை.

இது நடந்தது 2021 வாக்கில். முதல் சில வாரம் பின்பக்கம் விறைப்பாக, கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது, மேஸ்திரி வேண்டுமென்றே ஒரு விரல்கடை கூட்டி வைத்திருந்தார். அடுத்த மழைக்காலத்துக்குள் அந்த விரல்கடை இறங்கி அதோடு நின்றுவிட்டது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் குடும்பத்தோடு ஏறி இறங்கினாலும் இப்போது பம்ப் ஸ்டாப்பில் இடிப்பதில்லை. 15 வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியபோதும் பட்டையைப் பற்றிப் பேச்சு வரவில்லை. சொகுசு முன்பைவிடக் கூடியிருக்கிறது என்று சொல்ல மாட்டேன், பட்டை வண்டி பட்டை வண்டிதான். நடுவில் காய்ந்த காலத்தில் 'கீச் கீச்' என்று கத்தும். வேஸ்ட் ஆயிலைப் பூசினால் நிற்கும் என்பார்கள், நிற்கும்தான், ஆனால் அந்த ஆயில் புஷ் ரப்பரை ஊறவைத்துக் கெடுத்துவிடும். நான் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுவதோடு சரி.

உயரம் மாறியதும் ஹெட்லைட்டைச் சரிசெய்ய வேண்டும். இன்னொன்று பலருக்கும் தெரிவதில்லை: சில வண்டிகளில் பின் ஆக்ஸிலிலிருந்து ஒரு கம்பி பிரேக் வால்வுக்குப் போகும், லோடு ஏற ஏறப் பின் பிரேக்கைக் கூட்டிக் கொடுக்கும் ஏற்பாடு அது. பின்பக்கத்தை இருக்க வேண்டிய அளவுக்கு மேல் தூக்கினால் வண்டி காலி என்று அந்த வால்வு நினைத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அதனால் கம்பெனி உயரத்துக்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

ஸ்கார்பியோ, பழைய சஃபாரி போல பின்னால் காயில் ஸ்பிரிங் இருக்கிறவர்களுக்கு இந்தப் பட்டறை வைத்தியம் உதவாது. காயில் தளர்ந்தால் ஜோடியாகப் புதுசு போடுவதுதான் வழி. நடுவில் செருகுகிற ரப்பர் பஃபர் இடிப்பதைக் குறைக்கும், தளர்ந்த ஸ்பிரிங்கை அது குணப்படுத்தாது. பட்டையிலும் நடுவில் தடித்து ஓரம் மெலிந்த பாராபாலிக் வகை என்றால், கனத்தைக் கணக்குப் பார்த்துச் செய்த பட்டை அது, சாதாரண உலையில் கொடுக்காமல் புதுசு வாங்கிவிடுங்கள்.