நகர சபை வாடகை வீட்டுக்குப் போட்ட விண்ணப்பம்: மூன்று வருட அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வீடு கிடைக்கவில்லை. "இன்னும் கிடைக்கவில்லை" என்று சொல்லவேண்டுமாம், ஏனென்றால் எங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறது, பட்டியல் கோப்பில் இருக்கிறது, கோப்பு எங்கேயோ இருக்கிறது. நான் பாமசியில் வேலை செய்கிறவள். போன மாதம் மட்டும் மூன்று பேர் மருந்து வாங்க வந்த இடத்தில் "அக்கா, கவுன்சில் வீட்டுக்கு எப்படிப் போடுறது?" என்று கேட்டார்கள், மாத்திரையை எண்ணிக்கொண்டே எவ்வளவுதான் சொல்வது, அதனால்தான் எழுதுகிறேன். ஊர்ப் பெயர் போடவில்லை. இலங்கை மலையகத்தில் ரயில் நிற்கிற, மணிக்கூட்டுக் கோபுரத்தில் மணி சரியாக இல்லாத ஒரு சின்ன நகரம், அவ்வளவு போதும்.

நாங்கள் நாலு பேர். கணவருக்கு டயர் கடையில் வேலை. இருப்பது ஒரு வீட்டின் பின்பக்க அனெக்ஸ், வாடகை 18,000, ஆறு மாத முற்பணம், கரண்டும் தண்ணீரும் தனி. கவுன்சில் வீட்டில் இருக்கிற ஒருவர் தன்னுடைய வாடகை ரசீதைக் காட்டினார், எங்கள் கரண்ட் பில்லைவிடக் குறைவு. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

சலுகை வாடகையில் வீடு தேடினால் முதலில் புரிகிற விஷயம், இந்த நாட்டில் வீட்டு உதவி என்றாலே அது சொந்த வீட்டுக்குத்தான். தேசிய வீடமைப்பு அதிகார சபை 1979இல் தொடங்கியது, கடன் கொடுக்கிறார்கள், ஆனால் கட்டுவதற்கு உங்களிடம் காணி இருக்கவேண்டும். தேயிலைத் தோட்டத்தில் என்றால் ஏழு பேர்ச் காணியும் 550 சதுர அடி வீடும், இந்திய உதவியில் முதலில் 4,000 வீடு, அப்புறம் 2017இல் இந்தியப் பிரதமர் மோடி மலையகத்தில் நோர்வூட்டுக்கு வந்தபோது இன்னும் 10,000 என்றார்கள். என் அண்ணன் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்கிறான், அவன் பெயர் அந்த வீட்டுப் பட்டியலுக்குப் போயிருக்கிறது. நான் கல்யாணம் முடித்து டவுனுக்கு வந்தவள், எனக்கு அங்கே தோட்டத்து வரிசை வீடான லயக் காம்பராவில் ஒரு மூலைகூடக் கணக்கில் இல்லை. குவார்ட்டர்ஸ் அரசாங்க உத்தியோகத்தருக்கு. காணியும் இல்லாமல், தோட்டத்திலும் பேர் இல்லாமல், அரசாங்க வேலையும் இல்லாமல் டவுன் கடைகளில் நிற்கிற எங்களைப் போன்றவர்களுக்கு மிச்சமிருப்பது நகர சபையின் பழைய வாடகை வீடுகள் மட்டும். எங்கள் ஊரில் அவை இரண்டு வரிசை.

சரி, விண்ணப்பம். படிவம் வாங்குவது ஐந்து நிமிட வேலை, அதற்கு முன்னால் இருக்கிற வதிவிடச் சான்றிதழ்தான் எங்கள் ஒரு வருடத்தைத் தின்றது. கிராம சேவகரிடம் போனால் வாக்காளர் இடாப்பில் பேர் எங்கே என்று கேட்கிறார். எங்கள் பேர் தோட்டத்து விலாசத்தில். டவுன் விலாசத்துக்கு மாற்றவேண்டுமென்றால் வாக்காளர் பதிவுக்கான பீ.சி. படிவத்தில் வீட்டுக்காரர் எங்களையும் எழுதவேண்டும். எங்கள் வீட்டுக்கார ஐயா நல்ல மனிதர், பொங்கலுக்குப் பால் கொண்டுவந்து தருவார், ஆனால் அந்தப் படிவத்தில் மட்டும் எங்கள் பேரை எழுதமாட்டார். காரணம் கேட்டதற்கு, "மகள், 73இல எங்கப்பாட ரெண்டு வீடு போயிட்டு, தெரியுமா?" என்றார். 1973இல் வீட்டுச் சொத்துக்கு உச்சவரம்பு கொண்டுவந்த சட்டத்தைச் சொல்கிறார். ஒருவர் இத்தனை வீடுதான் வைத்திருக்கலாம், மிச்சம் அரசாங்கத்துக்கு, அதை இருக்கிற வாடகைக்காரருக்கே விற்கலாம் என்று வந்த சட்டம். அதற்கு ஒரு வருடம் முன்னால்தான் வாடகைக்காரரைப் பாதுகாக்கிற 1972 வாடகைச் சட்டமும் வந்திருந்தது. ஐம்பது வருடத்துக்கு மேலாகியும் அந்தப் பயம் போகவில்லை, பேர் பதிந்தால் வீடு போய்விடும் என்று நினைக்கிறார். அவரைக் குறை சொல்லவும் மனமில்லை.

இதே காரணத்தால்தான் ஒப்பந்தமும் வெறும் கடதாசியில் எழுதித் தருகிறார்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு முன் எழுதினால்தான் சட்டத்தில் நிற்கும், 1840இல் வந்த கட்டளைச் சட்டம் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறது. நொத்தாரிசு காசை நாங்களே கட்டுகிறோம், வீட்டைக் கேட்கமாட்டோம் என்று தனியாக எழுதியும் தருகிறோம் என்று சொன்ன பிறகுதான் ஐயா சம்மதித்தார். அந்த நொத்தாரிசு ஒப்பந்தம் பிறகு முதலாம் ஆண்டு அனுமதிக்கும் உதவியது, பிள்ளையை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்க்க நினைப்பவர்கள் வீட்டுக்காரரிடம் இந்தப் பேச்சை முன்கூட்டியே எடுங்கள்.

அந்த ஒப்பந்தத்தோடு திரும்பப் போனபோது உதவிய கிராம சேவகருக்கு என் மனமார்ந்த நன்றி. மழையில் நனைந்துகொண்டு வந்து, நாங்கள் அங்கே இருப்பதைக் கண்ணால் பார்த்து, அடுப்படியைக்கூட எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். பிரதேச செயலகத்தில் மேலொப்பத்துக்கு அரை நாள்.

நகர சபை கவுண்டரில் முதலில் தந்தது சிங்களப் படிவம். தமிழில் இல்லையா என்றேன். "இருக்கும் தங்கச்சி" என்று சொல்லி கிளாக்கர் மூன்று லாச்சியை இழுத்து, அடியிலிருந்து ஒன்றை எடுத்தார், போட்டோக்கொப்பிக்குப் போட்டோக்கொப்பி எடுத்து எடுத்து எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஆகியிருந்தது. "மாத வருமானம்" என்ற இடத்தில் "மாத வருமனம்" என்று இருந்தது. தமிழில் எழுதிக் கேட்டால் தமிழில் பதில் பெறுகிற உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது, ஆகவே கேட்க வெட்கப்படாதீர்கள். கொடுக்கும்போது இன்னொரு கொப்பியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். நான் முதல் வருடம் வாங்கவில்லை. இரண்டாவது வருடம் போனபோது "உங்கட விண்ணப்பம் இங்க இல்லையே" என்றார்கள், திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பித்தோம், அந்த ஒரு வருடம் வரிசையில் இல்லாமலே போனது.

வீடுகளைப் போய்ப் பார்த்தேன். கதவில் பழைய எண் பலகை, தகரக் கூரை, சுவரில் இடுப்பளவுக்கு ஈரம் ஏறிப் பச்சை பிடித்திருக்கிறது, மூலையில் ஒரு கைப்பிடி பிளாஸ்டரை அழுத்தினால் விரல் உள்ளே போகிறது. தண்ணீர் விடிய ஐந்து மணிக்கு வந்து ஆறரைக்கு நின்றுவிடுமாம். ஆனாலும் முன்னால் நாலு அடி இடம் இருக்கிறது, ஒரு அம்மா அதில் லீக்ஸ் போட்டிருந்தார். அந்த அம்மாவிடம் எப்போது வீடு கிடைத்தது என்று கேட்டேன். சிரித்தார். அவருக்கு வீடு கிடைக்கவே இல்லை, வாடகைக்கு இருக்கிறார், பேர் கொழும்பில் இருக்கிற வேறொருவருடையதாம். கவுன்சிலுக்குச் சலுகை வாடகை அவர் பேரில் போகிறது, அவருக்கு டவுன் வாடகை இந்த அம்மாவிடமிருந்து வருகிறது. எனக்கு வந்த கோபத்தை அந்த அம்மாவிடம் காட்ட முடியுமா, அவரும் என்னைப்போலத்தான், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்.

வீட்டுக்கு வந்து அடுத்த நாளே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு கடிதம் எழுதினேன். 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டம், விண்ணப்பிக்கக் காசு இல்லை, 14 வேலை நாளுக்குள் தகவல் அதிகாரி முடிவு சொல்லவேண்டும். மூன்றே கேள்வி: பட்டியலில் நான் எத்தனையாவது, கடைசியாக எப்போது ஒரு வீடு புதிதாகக் கொடுக்கப்பட்டது, குடியிருப்போர் யாரென்று கடைசியாக எப்போது நேரில் பார்த்தீர்கள். மூன்று வருடத்தில் எனக்கு நேரத்துக்குக் கிடைத்த ஒரே பதில் அதுதான், பதிவுத் தபாலில் வந்தது. முதல் கேள்விக்கு எண் இருந்தது, அதை இங்கே எழுத மனமில்லை. இரண்டாவதற்கு, அண்மைக் காலத்தில் வெற்றிடம் ஏற்படவில்லை. மூன்றாவதற்கு ஒரு கோடு, அவ்வளவுதான்.

ஐந்துக்கு இரண்டு கொடுக்கிறேன், அதில் ஒன்றரை கிராம சேவகருக்கு. மற்ற அரை, லாச்சியைத் தேடிய கிளாக்கருக்கு. விண்ணப்பத்தை வருடா வருடம் ஜனவரியில் புதுப்பிக்கவேண்டும், யாரும் ஞாபகப்படுத்தமாட்டார்கள். போவதானால் திங்கட்கிழமை போங்கள், எங்கள் ஊரில் அதுதான் பொதுமக்கள் தினம், ஒன்பதுக்கு முன்னால் வரிசையில் நின்றுவிடுங்கள், பத்து மணிக்கு டீ, அதற்குப் பிறகு முத்திரை வைத்திருப்பவர் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது.