சேலத்து போர்வெல் தண்ணீரும் என் பழைய ஃபாரின் டீசலும்: 12 வருட அனுபவம்

போன மாதம் ஓடோமீட்டர் 2,26,000 கிலோமீட்டரைத் தாண்டியது. 2013-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கியபோது 82,000. வண்டி 2007 மாடல், 1.9 லிட்டர் டீசல், 90 குதிரைத்திறன், ஐந்து கியர்.

கம்பெனிப் பெயரை வேண்டுமென்றேதான் எழுதாமல் விடுகிறேன். எழுதினால் திட்ட ஒரு கட்சியும் தூக்கிப் பிடிக்க ஒரு கட்சியும் கிளம்பிவிடும், வண்டியைப் பற்றிய பேச்சு அதோடு போய்விடும். காமன் ரயில் என்கிற இப்போதைய டீசல் முறை வருவதற்கு முந்தைய, ரோட்டரி பம்ப் வைத்த ஐரோப்பிய 1.9 என்று சொன்னாலே வைத்திருப்பவர்களுக்குப் புரியும். எங்கள் தெருவில் அதற்கு 'ஃபாரின் வண்டி' என்று பெயர், அவ்வளவுதான்.

எனக்கு வீடு கன்னங்குறிச்சியில். ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்துக்குக் கணக்கு எழுதுகிறேன், வாரத்தில் இரண்டு நாள் மலை ஏறி இறங்க வேண்டும். சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டர். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவு. சமவெளியில் ஆறு மாதம் மறைந்து கிடக்கும் குறை இந்த ரோட்டில் ஒரே வாரத்தில் பல்லிளித்துவிடும். அதனால் கீழே எழுதியிருப்பதெல்லாம் மலை சொல்லிக்கொடுத்தது என்றே வைத்துக்கொள்ளலாம்.

வாங்கிய முதல் வருடம் செய்த செலவில் பாதி வீண். 2014 ஜனவரியில் டேஷ்போர்டில் சுருள் கம்பி படம் போட்ட மஞ்சள் லைட், அதாவது ஹீட்டர் பிளக் லைட், ஓடும்போதே மின்ன ஆரம்பித்தது. ஏ.சி. ரிசப்ஷன், காபி மெஷின் எல்லாம் வைத்த ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். மூன்று நாள் வைத்திருந்துவிட்டு, "டீசல் பம்ப் போயிருக்குங்க சார், இறக்கி வெளியூர் அனுப்பணும், 70,000 வரும்" என்றார்கள். முன்பணம் வேறு. அவ்வளவு கையில் இல்லாததால் வண்டியைத் திருப்பி ஓட்டி வந்தேன். பணம் இல்லாததும் சில சமயம் நல்லதுக்குத்தான்.

நண்பர் ஒருவர் கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு தகரக் கொட்டகைக்கு அனுப்பினார். அங்கே இருந்த அண்ணன் ஆரம்பத்தில் லாரி பம்ப் வேலை பார்த்தவர். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "பிரேக்கை மிதிச்சா பின்னாடி லைட் எரியுதான்னு பாத்தீங்களா?" என்று கேட்டார். பின்னால் போய் நின்றேன். ஒரு மிதிக்கு எரிந்தது, அடுத்த மிதிக்கு இல்லை. பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும் சின்ன சுவிட்ச். அதற்குள் இரண்டு கான்டாக்ட் உண்டு. ஒன்று 'மிதித்தாச்சு' என்றும் இன்னொன்று 'மிதிக்கவில்லை' என்றும் சொன்னால் கம்ப்யூட்டர் குழம்பிப்போய் அந்த லைட்டை மின்ன விடும். சுவிட்ச் 450 ரூபாய், மாற்றும் நேரம் ஐந்து நிமிடம்.

அன்றிலிருந்து என் வண்டிக்கு அவர்தான். பழைய லேப்டாப், அதை வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஒரு ஸ்கேன் கேபிள், நிறையப் பொறுமை, இவ்வளவுதான் அவர் முதல். நானும் ஒரு கேபிள் வாங்கி வைத்திருக்கிறேன். பழைய ஐரோப்பிய வண்டிக்கு ஸ்டெப்னி எப்படியோ கேபிளும் அப்படி. ஆனால் ஒன்று, ஸ்கேனில் வரும் எரர் கோடு (பிழைக் குறியீடு) புகார் எங்கிருந்து வருகிறது என்றுதான் சொல்லும். எந்தப் பார்ட்டை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. சென்சார் பெயர் வந்ததும் சென்சாரை மாற்றினால் காசு கரையும், கோடு அப்படியே நிற்கும். முதலில் வயர், கனெக்டர், ஃபியூஸ். அப்புறம்தான் பார்ட்.

சரி, டைமிங் பெல்ட், அதாவது பிஸ்டனையும் வால்வையும் ஒத்து ஓட வைக்கும் பெல்ட். இந்த இன்ஜின் வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கினால் முதல் வேலை இதுதான். "இப்பதாங்க மாத்தினேன்" என்று பழைய ஓனர் சொன்னாலும் கையில் பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வை இடிக்கும், ஹெட்டை இறக்க வேண்டியதுதான். பெல்ட்டை மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்கவும் வேண்டாம். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், ரோலர்கள், வாட்டர் பம்ப் எல்லாம் அதே பெல்ட்டின் பாதையில்தான் இருக்கின்றன. அதில் ஒன்று இறுகி நின்றாலும் புதுப் பெல்ட் கூடவே போய்விடும். வாட்டர் பம்பில் பிளாஸ்டிக் விசிறி வைத்ததும் வருகிறது, அதைத் தவிர்ப்பது நல்லது. சூட்டில் வெந்து வெந்து விரிசல் விட்டால் ஷாஃப்ட் மட்டும் சுற்றும், விசிறி சும்மா நிற்கும்.

மாற்றுகிறவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "கேம் லாக் டூல் வெச்சிருக்கீங்களா?" கேம் என்பது வால்வைத் திறந்து மூடும் தண்டு, அதை அசையாமல் பூட்டும் கருவி இது. பெயின்ட்டால் குறி போட்டு மாற்றிவிடலாம் என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். இந்த இன்ஜினில் கேம் புல்லி வெறும் கூம்பு முனையில் இறுக்கத்தில்தான் நிற்கிறது, பள்ளம் வைத்துப் பிடிப்பதில்லை. கேமையும் டீசல் பம்பையும் பூட்டிவிட்டு, புல்லியைத் தட்டித் தளர்த்தி, பெல்ட்டின் இழுப்பு இரண்டு பக்கமும் சமமான பிறகு இறுக்க வேண்டும். கடைசியில் லேப்டாப்பில் பம்ப் டைமிங் பார்க்க வேண்டும். இதைச் செய்யாவிட்டாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், அதுதான் ஆபத்து. காலையில் புகை தள்ளும், மைலேஜ் இறங்கும், பழி பம்ப் மேல் விழும். நான் 60,000 கிலோமீட்டர் அல்லது 5 வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றிவிடுகிறேன். கடைசியாக 2022-ல் வாட்டர் பம்ப் உட்பட செட் 14,500, கூலி 4,000.

அடுத்தது தண்ணீர். சேலத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஏற்காடு போகும் வழியில் வெள்ளைவெளேர் என்று தெரியும் அந்த மாக்னசைட் (மெக்னீசியம் தாது) குன்றுகளைப் பார்த்தாலே இந்த மண்ணுக்கடியில் தண்ணீர் எப்படி இருக்கும் என்று தெரியும். எங்கள் வீட்டு பாத்ரூம் பக்கெட்டின் உள்பக்கம் தேங்காய்ப் பத்தை மாதிரி வெள்ளை படிந்திருக்கும். பழைய ஓனர் அந்தத் தண்ணீரைத்தான் ரேடியேட்டருக்கும் ஊற்றியிருந்தார். போதாததற்குப் பிங்க் கூலன்ட் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ பச்சையையும் கலந்துவிட்டார்கள். டேங்க் மூடியைத் திறந்தபோது உள்ளே இருந்தது கூலன்ட் இல்லை, ராகிக் கூழ். இந்த இரண்டு வகையும் சேர்ந்தால் அப்படித்தான் பழுப்பாகக் கட்டி தட்டும். நான்கு தடவை கழுவி எடுத்தோம். இப்போது பிங்க் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. பேட்டரிக் கடையில் கேனாகக் கிடைக்கிறது, டிக்கியில் எப்போதும் ஒன்று கிடக்கும்.

டெம்பரேச்சர் முள்ளை நம்பாதீர்கள். இந்த வண்டியில் அது 90-ல் ஆணி அடித்த மாதிரி நிற்கும். அதற்காக இன்ஜின் சரியாக 90-ல் இருக்கிறது என்று அர்த்தமில்லை. கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் முள் அசையாதபடிதான் அமைத்திருக்கிறார்கள். அது நகர்ந்தால் சூடு ஏற்கெனவே எல்லை தாண்டிவிட்டது என்று பொருள், அடுத்த வளைவு வரை போகலாம் என்று நினைக்காமல் ஓரம் கட்டுங்கள். ஏற்காட்டு உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். வண்டியில் கொதிக்காமல் இருப்பதற்குக் கூலன்ட்டும் கூலன்ட் டேங்க் மூடி பிடித்து வைக்கும் அழுத்தமும்தான் காரணம். மூடியின் ரப்பர் போனால் மலையில்தான் முதலில் தெரியும். ஹெட்டின் பக்கவாட்டில் இருக்கும் பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய் இணைப்பையும் அவ்வப்போது டார்ச் அடித்துப் பாருங்கள். அதில் பிங்க் உப்புப் பூத்திருந்தால் கசிவு ஆரம்பம்.

ஏறுவதைவிட எனக்குப் பயம் இறங்குவதில்தான். 2015 மே மாதம், கோடை விழா நெரிசல். முன்னால் ஒரு டூரிஸ்ட் பஸ், பின்னால் இன்னொன்று. மூன்றாவது கியரில் பிரேக்கை மிதித்து மிதித்து இறங்கிக்கொண்டிருந்தேன். அடிவாரம் வருவதற்கு இரண்டு வளைவு முன்னால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. ஹேண்ட் பிரேக்கும் முதல் கியரும் போட்டு மண் பக்கம் ஒதுக்கி நிறுத்தினேன். முக்கால் மணி நேரம் ஆறிய பிறகு பெடல் ஒன்றுமே நடக்காத மாதிரி கெட்டியாக இருந்தது. மறுநாள் அண்ணன் பிரேக் ஆயிலை ஊசியில் உறிஞ்சிக் காட்டினார், காபி டிகாஷன் நிறம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி தாங்க வேண்டும் என்பது தர விதி, ஈரம் ஏறிய நிலையில் அதே விதியின் அளவு 155-தான். அதற்கு மேல் சூடானால் உள்ளே ஆவிக் குமிழி. குமிழியை மிதித்தால் வண்டி எப்படி நிற்கும்? இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்றுகிறேன், இரண்டாவது கியரில்தான் இறங்குகிறேன். டீசலில் இன்ஜின் இழுத்துப் பிடிப்பது பெட்ரோலைவிடக் குறைவு, கியர் சின்னதாக இருந்தால்தான் பிடிக்கும். பின்னால் ஹாரன் அடிப்பவர்கள் அடிக்கட்டும்.

இனி ரிலே, அதாவது கரன்ட்டை விட்டு நிறுத்தும் சின்ன சுவிட்ச் டப்பா, அதன் கதை. 2018 நவம்பர், தூறல், சாயங்காலம். ஏற்காட்டுக்கு இன்னும் நாலைந்து வளைவுதான் பாக்கி. வளைவில் திருப்பும்போது இன்ஜின் பொட்டென்று நின்றது. இருமல் இல்லை, இழுவை குறையவில்லை, சுவிட்சை அணைத்த மாதிரி. சாவி போட்டால் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. டீசல் அரை டேங்க் இருந்தது. அண்ணனுக்குப் போன் போட்டேன், நல்ல வேளை சிக்னல் இருந்தது.

"சாவியைத் திருப்பினா சுருள் லைட் வருதாங்க சார்?"

"வரலைங்கண்ணா."

"அப்ப ரிலே. ஸ்டியரிங்குக்குக் கீழ மூடியைக் கழட்டுங்க. 109-னு நம்பர் போட்ட ஒண்ணு இருக்கும். ஒரு தட்டுத் தட்டுங்க."

போன் வெளிச்சத்தில் தலைகீழாகப் படுத்துத் தேடினேன். கறுப்பு டப்பா, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, முதுகில் 109. ஸ்பேனர் முனையால் தட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். சுருள் லைட் வந்தது, வண்டியும் கிளம்பியது. கம்ப்யூட்டருக்குக் கரன்ட் கொடுக்கும் ரிலே அது. வருடக்கணக்கில் சூடாகி ஆறியதில் உள்ளே ஈயம் வைத்த இடத்தில் வளையம் வளையமாக முடி மாதிரி விரிசல். மேலே ஏற்காட்டில் டி.வி. ரிப்பேர் கடைக்காரர் டப்பாவை நெம்பித் திறந்து, லென்ஸ் வைத்து எனக்கும் காட்டிவிட்டு, மூன்று காலுக்கும் புதிதாக சால்டர் வைத்துக் கொடுத்தார். 50 ரூபாய். கீழே வந்து 900 ரூபாய்க்குப் புதியது வாங்கினேன், ஆனால் அந்த 50 ரூபாய் ரிலேதான் இன்னும் வண்டியில் ஓடுகிறது. புதியது டேஷ்போர்டு பெட்டியில் ரிசர்வ்.

தோட்டத்தில் சில்வர் ஓக் நிழலில் நிறுத்துவேன். அந்த இலை முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் நிற்கும் பள்ளத்தில் விழுந்து தண்ணீர் இறங்கும் ஓட்டையை அடைத்துவிடும். ஒரு மழைக்காலத்தில் வண்டிக்குள் கால் மிதியடிக்கு அடியில் காளான் வாசனை வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இப்போது மாதம் ஒரு தடவை கையை விட்டு அள்ளிவிடுகிறேன்.

மற்றவை சில்லறை. சஸ்பென்ஷனில் லோயர் ஆர்ம் புஷ் இரண்டு தடவை, லிங்க் ராடு எத்தனை தடவை என்று கணக்கில்லை. இடது ஜன்னல் கண்ணாடி ஒருநாள் கதவுக்குள் தொப்பென்று விழுந்தது, பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருந்தது. லேத் பட்டறையில் அலுமினியத்தில் கடைந்து போட்டோம். டீசல் ரிட்டர்ன் லைனில் நூல் சுற்றிய ரப்பர் ட்யூப் வெடித்தால் காற்று ஏறி காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும். மீட்டர் கணக்கில் வாங்கி மாற்ற வேண்டியதுதான், இதற்கும் பம்பை இறக்கச் சொல்பவர்கள் உண்டு. போல்ட்டுகள் பலவும் உள்ளே 12 பல் வைத்தவை. அதில் ஆலன் கீயை அடித்து இறக்கித் திருப்பும் ஆளிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

பார்ட்ஸ் கிடைக்காது என்பது பாதிதான் உண்மை. கடையில் கார் பெயரைச் சொன்னால் "இல்லைங்க" என்பார்கள். பழைய பார்ட்டில் அச்சடித்த நம்பரைச் சொல்லுங்கள், அதே கடையில் அலமாரியிலிருந்து வரும். கார் கம்பெனி டப்பாவில் வரும் பலதையும் செய்து கொடுப்பது பாஷ், மாலே, சாக்ஸ் மாதிரி ஆட்கள்தான். அவர்கள் டப்பாவிலேயே வாங்கினால் விலை கணிசமாகக் குறையும். பாடி பார்ட், கண்ணாடி மூடி மாதிரி சமாச்சாரத்துக்குச் சென்னைப் புதுப்பேட்டைப் பழைய பார்ட்ஸ் கடைகள். ஆனால் பெல்ட், பிரேக், பேரிங் மூன்றையும் பழசில் வாங்கவே மாட்டேன்.

மலையில் லிட்டருக்கு 13, பெங்களூர் ரோட்டில் 18. ஆயில் சர்வீஸ், டயர் எல்லாம் சேர்த்து வருடத்துக்குச் சராசரியாக 35,000 ஆகிறது, டீசலும் இன்ஷூரன்ஸும் தனி. 2022-ல் 15 வருடம் முடிந்து ஆர்.சி.யைப் புதுப்பித்தபோது கட்டணம் 5,000, பசுமை வரி அதற்கு மேல். வீட்டில் இது ஒரே வண்டியாக இருந்து, தினமும் காலை எட்டு மணிக்குக் கண்டிப்பாகக் கிளம்பியாக வேண்டும் என்றால் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். எங்களுக்கு ஒரு ஸ்கூட்டர் இருக்கிறது, தோட்டத்து முதலாளிக்கும் பொறுமை உண்டு.

இப்போதைக்குப் பாக்கி ஒரே வேலை. கூரைத் துணியின் பின்னாலிருக்கும் ஸ்பாஞ்ச் பொடியாகி, துணி பந்தல் மாதிரி தொங்கிப் பின் சீட்டில் உட்காருபவர்கள் தலையைத் தடவுகிறது. குண்டூசி குத்தி வைத்திருக்கிறேன். செவ்வாய்ப்பேட்டையில் சீட் தைப்பவர் ஒருவர் திங்கட்கிழமை கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.