கரிசல் மண்ணில் செப்டிக் டேங்க்: 17 வருட அனுபவம்

கோவில்பட்டிக்கு வெளியே 2008-இல் வீடு கட்டினோம். வாசக்காலுக்கு என்ன மரம், பூஜை அறை எந்த மூலை என்று மாதக்கணக்கில் பேசினோம். செப்டிக் டேங்க் பற்றிப் பேசியது ஒரு டீ குடிக்கிற நேரம்தான். மேஸ்திரி சொன்னார்: "அண்ணாச்சி, அடியில காங்கிரீட் வேண்டாம். சல்லிய விரிச்சு விட்ருவோம், தண்ணி தன்னால பூமிக்குள்ள எறங்கிரும். ஒங்க காலத்துல தொறக்கவே வேண்டியதில்ல." சரி என்றேன். நடுச்சுவர் இல்லாத ஒரே குழி. மூடியின் மேலேயே போர்டிகோ டைல்ஸ் ஒட்டினோம்.

ஏழு வருடம் நிறையவே இல்லை. அருமையான டேங்க் என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொன்னேன். அதை நினைத்தால் இப்போது மனசு சங்கடப்படுகிறது. டேங்க் நிறையவில்லை என்றால் உள்ளே போன தண்ணீர் சுத்தமாகாமலே மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எங்கள் போர்க்கிணறு அங்கிருந்து 25 அடிதான். பிற்பாடு தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தபோது கோலிஃபார்ம் கிருமி இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. ஊறல் குழிக்கும் (கழிவுத் தண்ணீரை மண்ணுக்குள் இறங்க விடும் குழி) குடிநீர் எடுக்கும் இடத்துக்கும் நடுவே 18 மீட்டராவது, அதாவது 60 அடி, விட வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். வீடு கட்டும்போது அதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

2015 கார்த்திகை மழையில்தான் விஷயம் வெளியே வந்தது. கரிசல் மண் கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், மழையில் ஊறி உப்பும். ஊறிவிட்டால் தண்ணீரைக் கீழே இறங்க விடாது. அடி திறந்திருந்த எங்கள் டேங்குக்குள் நிலத்து ஈரம் கீழிருந்தே ஏறிவிட்டது. கழிப்பறைப் பேசினில் ஒரு வாளி ஊற்றினால் களக் களக் என்று குமிழி விட்டுத் தண்ணீர் மேலே எழும்பி வரும். அம்மாவுக்கு மூட்டுவலி. பத்து நாள், கொட்டுகிற மழையில், பக்கத்து வீட்டுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனோம்.

பொங்கல் கழித்து டைல்ஸை உடைத்து மூடியைத் திறந்தோம். ஏழு வருடக் கசடு அடியில் களிமண் மாதிரி இறுகிக் கிடந்தது. கழிவு உறிஞ்ச வந்த லாரியின் ஹோஸ் மேல் தண்ணீரை மட்டும் உறிஞ்சிவிட்டு நின்றுவிட்டது. கூட வந்த பையனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. சட்டையைக் கழற்றி மதில்மேல் போட்டுவிட்டு, "எறங்கிக் கலக்கி விட்டா வந்துரும்ணே" என்றான். நான் வாய் திறப்பதற்குள் திண்ணையில் இருந்த அம்மா எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "எய்யா, எறங்காத. இது நாறுனா நாறிட்டுப் போகுது. நீ எறங்காத." விடவே இல்லை.

அம்மா பிடித்த பிடி எவ்வளவு சரி என்று பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை மாதிரி நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. வாடை போய்விட்டதே என்று இறங்குகிறவர் அப்படியே சுருண்டு விழுவார், அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தரவேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023-இல் அதை 30 லட்சம் ஆக்கியது. இத்தனைக்குப் பிறகும் சாவுச் செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. அன்று நாங்கள் மோட்டார் தண்ணீரை வேகமாக அடித்து, நீளக் கம்பால் மேலிருந்தே கலக்கிக் கலக்கி எடுத்தோம். மூன்று மணி நேரம், இரண்டு லோடு. ஆள் இறங்கவில்லை.

அதே வருடம் கோடையில் புது டேங்க் கட்டினோம், போரிலிருந்து தள்ளி, பின்பக்கம். அடியில் அரையடி காங்கிரீட், உள்ளே முழுக்கப் பூச்சு. நடுச்சுவர் வைத்து இரண்டு அறை: முதல் அறை மூன்றில் இரண்டு பங்கு, கசடு அங்கேயே படிய வேண்டும். உள்ளே வரும் குழாய், வெளியே போகும் குழாய் இரண்டுக்கும் டி பைப்பு, அதாவது T எழுத்து வடிவக் குழாய். மேலே மிதக்கும் ஏடும் அடியில் படிந்த கசடும் வெளியே போகாமல், நடுத் தண்ணீர் மட்டும் போவதற்கு அந்த டி-தான் காவல். கரிசல் உப்பிச் சுவரை நெருக்கும் என்பதால் சுற்றிலும் ஒரு அடிக்கு மணல் நிரப்பினோம். மூடுவதற்கு முன் தண்ணீர் நிரப்பி, மட்டத்தில் கரிக்கோடு போட்டு, ஒரு நாள் விட்டுப் பார்த்தேன். தண்ணீர் கோட்டிலேயே நின்றது. வெளியேறும் தண்ணீருக்கு, கரிசலைத் தாண்டிச் சரளை தட்டும் ஆழம் வரை தோண்டி உறை இறக்கினோம். மூடிகள் தரைக்கு மேலே அரையடி உயரம். பார்க்க அழகில்லைதான், ஆனால் கடப்பாரை இல்லாமல் திறக்கலாம்.

2018-இல் தம்பி முன்பக்கம் மெஸ் ஆரம்பித்தான். அதற்குத் தனி டேங்க். அப்போதும் ஒரு தப்பு செய்தோம்: பாத்திரம் கழுவும் தண்ணீரையும் அதிலேயே விட்டோம். எட்டே மாதத்தில் குழாய்க்குள் எண்ணெய் உறைந்து வெண்ணெய்க்கட்டி மாதிரி அடைத்துக்கொண்டது. இப்போது சிங்க்குக்கும் வாய்க்காலுக்கும் நடுவே ஒரு கொழுப்புத் தொட்டி இருக்கிறது. தண்ணீர் ஆறினதும் எண்ணெய் மேலே மிதக்கும், வெளியேறும் வாய் தாழ இருப்பதால் தண்ணீர் மட்டும் போய் வாழைக்குப் பாயும். சனிக்கிழமை தோறும் மிதப்பதை வழித்து எடுக்க வேண்டும். ஒரு வாரம் விட்டாலும் நாற்றம் காட்டிக்கொடுத்துவிடும்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நாப்கின், ஈரத்தாள், முடி எதையும் பேசினில் போடுவதில்லை. ஆசிட் ஊற்றுவதை நிறுத்திவிட்டோம், கசடைத் தின்னும் பாக்டீரியா செத்துவிடும் என்பதால். பாக்டீரியா பவுடர் இரண்டு வருடம் வாங்கிப் போட்டேன், எந்த வித்தியாசமும் தெரியவில்லை. வருடம் ஒருமுறை நீளக் கம்பில் பழைய வெள்ளைத் துண்டைச் சுற்றி அடிவரை விட்டு எடுப்பேன். கறுப்பாக ஒட்டிய உயரம்தான் கசடு. மூன்றில் ஒரு பங்கு வந்தால் லாரிக்குச் சொல்லிவிடுவேன். இதுவரை 2019, 2022, 2025. முதலில் 2,000 ரூபாய் வாங்கினார்கள், கடைசியாக 3,500. மூன்று வருடத்துக்கு ஒருமுறைதானே, மாதத்துக்கு நூறு ரூபாய்கூட ஆகவில்லை. எப்போதும் பங்குனி, சித்திரையில்தான் எடுப்பேன். நிலம் ஊறிக் கிடக்கும்போது டேங்கைக் காலி செய்தால் வெளியிலிருந்து தண்ணீர் நெருக்கிச் சுவரே விரியலாம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் மாவட்டமே மிதந்தது. தெருவில் முழங்கால் தண்ணீர். இரண்டு நாள் ஃப்ளஷ் மெதுவாகத்தான் இறங்கியது, ஆனால் ஒரு சொட்டு திரும்பி வரவில்லை. அம்மா யார் வீட்டுக்கும் போக வேண்டியிருக்கவில்லை.

லாரிக்காரரிடம் இரண்டு கேள்வி கேட்கிறேன்: உரிமம் இருக்கிறதா, எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள். சுத்திகரிப்பு நிலையம் என்று தெளிவாகச் சொல்பவரைத்தான் கூப்பிடுகிறேன். ஒருவர் "அதெல்லாம் ஓடைப்பக்கம் பாத்துக்கிருவோம்" என்றார், வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். அந்த ஓடை கண்மாய்க்குத்தான் போகிறது.

போன மாதம் மெஸ் டேங்கைத் திறந்தபோது வெளிவாய் டி பைப்பு விரிசல் விட்டிருந்தது. ஏடு உறைக்குள் போக ஆரம்பித்தால் சரளை அடைத்துக்கொள்ளும். பைப்பு வாங்கி வைத்தாயிற்று. மூடிக்கு வெளியே நின்றே மாற்றுகிற மாதிரி செய்து தருகிற பிளம்பருக்காகக் காத்திருக்கிறோம்.