ஜமோவி: ரிக்ரஷன் மாடல்களை ஒப்பிட இது போதுமா?

ஆய்வேட்டுக்கு ரிக்ரஷன் (சில மாறிகளை வைத்து இன்னொன்றைக் கணிக்கும் முறை) போடணும், எஸ்பிஎஸ்எஸ் மாதிரி புள்ளியியல் மென்பொருள் வாங்கக் காசில்லை என்று யார் கேட்டாலும் ஜமோவி என்ற மென்பொருளைத் தைரியமாகச் சொல்வேன். இலவசம், உள்ளே ஓடுவது ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழி, கோட் ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

நான் சோதித்தது ஒரே வேலையைத்தான்: எந்த மாடல் தேவலாம் என்று பார்ப்பது. 1974 மோட்டார் டிரெண்ட் இதழிலிருந்து எடுத்த எம்டிகார்ஸ் தரவு, 32 கார்கள், ஆர் படித்த எல்லோருக்கும் பழக்கமானது. கேலனுக்கு எத்தனை மைல் ஓடும் என்று கணிக்க முதல் பிளாக்கில் (மாறிகளைக் கட்டம் கட்டமாகச் சேர்க்கும் தொகுப்பு) எடையும் குதிரைத்திறனும் போட்டேன், இரண்டாவதில் மிச்சமிருந்த எட்டு மாறிகளையும் கொட்டினேன். மைலேஜ் வேறுபாட்டில் எவ்வளவு பங்கை மாடல் விளக்குகிறது என்று காட்டும் ஆர் ஸ்கொயர் 0.827-லிருந்து 0.869-க்கு ஏறியது. இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் மாறியைச் சேர்க்கச் சேர்க்க அது ஏறுமே தவிர இறங்காது. பக்கத்திலேயே, மாறிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பத் திருத்திய அட்ஜஸ்டட் ஆர் ஸ்கொயரை டிக் செய்தால் 0.815 இருந்தது 0.807 ஆகிவிடுகிறது, பொருத்தத்தையும் மாறிகளின் எண்ணிக்கையையும் சேர்த்து எடைபோடும், குறைவாக இருக்க வேண்டிய ஏஐசியோ 156.7-லிருந்து 163.7-க்குப் போய்விடுகிறது. ஒப்பீட்டு அட்டவணையில் எஃப் மதிப்பு 0.85தான், அதாவது அந்த எட்டு மாறிகளால் சொல்லும்படி பலனில்லை. ஒரு மாறி மற்ற மாறிகளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் விஐஎஃப்பையும் டிக் செய்து பாருங்கள், இன்ஜின் கொள்ளளவுக்கு 21.6 வரும், எடை, சிலிண்டர் எல்லாம் சொல்வதையே அதுவும் திரும்பச் சொல்கிறது. இத்தனையும் ஒரே திரையில், டிக் செய்த நொடியில் வருவது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

குறை என்றால், பிளாக்குகள் ஒன்றின் மேல் ஒன்றாகத்தான் அடுக்கப்படும். எடை, கால் மைல் ஓட எடுக்கும் நேரம், கியர் வகை என்று வேறொரு மூன்று மாறி மாடல் இருக்கிறது, அதன் ஏஐசி 154.1, குதிரைத்திறன் மாடலைவிட நல்லது. ஆனால் ஒன்று மற்றொன்றுக்குள் அடங்காததால் இரண்டுக்கும் நடுவே எஃப் டெஸ்ட் செல்லாது. தனித்தனியாக இரண்டு முறை ஓட்டி ஏஐசியையும் அதே மாதிரி அளவான பிஐசியையும் நீங்களேதான் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அப்படிச் செய்யும்போது இரண்டிலும் அதே வரிசைகள்தான் கணக்கில் வந்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள், ஒரு மாறியில் நாலு மதிப்பு விடுபட்டிருந்தாலே ஏஐசி ஒப்பீடு செல்லாது.

கிராஸ் வாலிடேஷன் (தரவின் ஒரு பகுதியை ஒதுக்கி வைத்து மாடலைச் சோதிப்பது) ரிக்ரஷன் மெனுவில் இல்லை. அது வேண்டுமென்றால் ஆர்தான்.